உயரத்தின் வர்க்கம்

இன்று தேனியிலோ கம்பத்திலோ ஒரு மருத்துவரைப் பார்க்கச் சென்றால், பெயரையும் வயதையும் அடுத்துச் சீட்டில் ஏறுவன எடையும் உயரமும். இவ்விரண்டிலிருந்து மூன்றாவதாக ஓர் எண் பிறக்கிறது. கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் அந்த எண்ணை உடல் நிறைக் குறியீட்டெண் என்று பாடநூல் சொல்லும், பி.எம்.ஐ. என்று ஊர் சொல்லும். உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேரும் இளைஞருக்கும், சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரும் பெரியவருக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடம்பு போட்டுவிட்டதே என்று வருந்தும் பெண்ணுக்கும் அதே எண்தான் இலக்காக வைக்கப்படுகிறது. முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் நிற்கும் எடை இயந்திரம் காசு போட்டால் ஓர் அட்டையைத் துப்பும். ஒரு பக்கம் எடை இருக்கும். மறுபக்கம் சோதிடம் இருக்கும். இந்த எண்ணையும் ஏறக்குறைய அந்த அட்டையைப் போலத்தான் நாம் வாசிக்கிறோம்.

மருத்துவம் நம் துறையன்று. ஆனால் ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தப் பொருளில் வழங்கியது, எந்தக் கட்டத்தில் வேறொரு பொருளை ஏற்றது என்று தேடிப்போவது தமிழ் படித்தவர்களின் பழக்கம். ஓர் எண்ணையும் அவ்வாறே தேடிப்போகலாம். இந்த எண்ணைத் தேடிப் போனால் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி, மினசோட்டா, குன்னூர், புனே என்று சுற்றி, கடைசியில் நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே வந்து நிற்க நேர்கிறது.

*

அடால்ஃப் கெட்லே 1796இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தவர், வானியலாளர், பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை உருவாக்கியவர். ஒரே விண்மீனின் இடத்தைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறு பிசகு நேரும். அந்தப் பிசகுகள் தாறுமாறாகச் சிதறுவதில்லை. ஒரு நடு எண்ணைச் சுற்றி ஒழுங்காகக் குவிகின்றன. அந்த நடு எண்ணையே விண்மீனின் மெய்யான இடமாகக் கொள்வது வானியலாளர் வழக்கம். கெட்லே செய்த துணிச்சலான காரியம், இந்தக் கணக்கை வானத்திலிருந்து இறக்கி மனிதர்மேல் வைத்ததுதான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவையும் ஒரு நடு எண்ணைச் சுற்றிக் குவிவதைக் காட்டினார். அப்படியானால் அந்த நடுவில் நிற்கும் ஆள் யார்? அவருக்கு 'சராசரி மனிதன்' என்று பெயர் வைத்தார். மற்றவர்கள் எல்லாம் அவரிலிருந்து பிசகியவர்கள்.

1835இல் அவர் வெளியிட்ட நூலில்தான், வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்ற செய்தி வருகிறது. மனித உடல் எல்லாத் திசைகளிலும் ஒரே விகிதத்தில் பெரிதாகுமானால், எடை உயரத்தின் முப்படியை ஒட்டிக் கூட வேண்டும். ஆனால் நெட்டையர்கள் குட்டையர்களின் பெரிதாக்கிய நகல்கள் அல்லர், சற்றே ஒடிசலானவர்கள். ஆகவே முப்படி பொருந்தவில்லை. இருபடி ஏறத்தாழப் பொருந்தியது. இந்த 'ஏறத்தாழ'வைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள். கெட்லே யாரையும் மெலியச் சொல்லவில்லை. பருமனை அவர் நோயாகவும் ஆராயவில்லை. ஒரு மக்கள்திரளின் இயல்பைச் சொல்ல ஒரு வாய்பாடு தேடினார், கிடைத்தது. அந்தத் திரளுக்குள் நிற்கும் தனியொருவரைப் பற்றி அது தீர்ப்பெழுதும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

கெட்லே 1874இல் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் அது. நிலைமையைப் பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார்: நிவாரண வேலை செய்யும் வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் அளவு, அடிப்படைக் கூலியாகப் போதும். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். மண் சுமப்பவனுக்கு இது காணாது. இதைத் தின்றுகொண்டு உழைப்பவன் மெல்லச் சாவான் என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம். டெம்பிளுக்கு எதிரே நின்றதும் ஒரு சராசரி மனிதன்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. அவன் கல் உடைக்கிறானா, சும்மா இருக்கிறானா, முந்திய ஆறு மாதம் என்ன தின்றான் என்ற கேள்விகள் எதுவும் அந்த ஒரு பவுண்டுக்குள் இல்லை.

இந்தப் பஞ்சம்தான், பல பத்தாண்டுகளாகக் கோப்புகளில் தூங்கிக்கொண்டிருந்த பெரியாற்றுத் திட்டத்தை எழுப்பியது. 1882இல் திட்டம் ஏற்கப்பட்டு, 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தமாகி, 1887இல் பென்னிகுவிக் தலைமையில் தொடங்கி, 1895இல் அணை திறக்கப்பட்ட கதை இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் மதுரை வரை போகும் வழியில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று இறங்கி வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை என்ற கணக்கை இங்குள்ள விவசாயிகள் தலைகீழாய்ச் சொல்வார்கள். கம்பும் சோளமும் கேழ்வரகும் தின்ற ஊர்கள் நெல்லுச் சோற்றுக்கு மாறிய கதையும் இந்தத் தண்ணீரோடு தொடங்குவதுதான். பி.எம்.ஐ. பற்றிய கட்டுரையில் அணைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பசியால் சுருங்கிய உடல்களும், பின்னால் சோறு கிடைத்துப் பருத்த உடல்களும் ஒரே ஊரில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்தன என்பதுதான் இங்கே செய்தி. அந்த எண் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

*

குன்னூருக்குச் சற்றுப் போய்வர வேண்டும். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்ற அமைப்பின் தொட்டில் அதுதான். 1920களில் அவர் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, வங்காளியர் உணவு, மதராசியர் உணவு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்து வளர்த்தார். பிறகு எலிகளை எடை போட்டு, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். கோதுமையும் பாலும் நெய்யும் தின்ற சீக்கிய எலி ஒரு முனையில் பெருமிதமாக இருக்கிறது. அரிசியை நம்பிய மதராசி எலி மறுமுனையில், எல்லாவற்றிலும் எடை குறைந்ததாக இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியை ஏளனம் செய்வது எளிது. படைக்கு ஏற்ற இனம், ஏலாத இனம் என்று ஆங்கிலேயர் வகுத்துவைத்திருந்த வரிசைக்கு எலிகளும் சாட்சி சொல்லிவிட்டன என்று ஒரு பகடி செய்துவிடலாம். ஆனால் மெக்காரிசன் சொன்னது அதற்கு நேர்மாறானது. வேறுபாடு இனத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது என்பதே அவர் கண்டது. எலிகள் எல்லாம் ஒரே இனந்தானே. மதராசி எலி பிறவியில் சிறியதன்று. சிறியதாக்கப்பட்டது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்; சிறியதாக்கப்பட்ட உடலை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பின்னால் வரும்.

பசியை இன்னும் நெருக்கமாக அளந்தவர் அமெரிக்கரான ஆன்சல் கீஸ். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக் காலம், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைக் கொண்டு அவர் ஒரு பட்டினி ஆய்வு நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இதற்குத் தாமே முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் உடல் எடையில் ஏறத்தாழக் கால்பங்கை இழந்தார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, எப்போதும் சோற்று நினைவு, சமையல் புத்தகங்களைச் சேர்ப்பது என்று அவர்களுடைய மனம் போன போக்கையும் கீஸ் குழுவினர் குறித்துவைத்தார்கள். 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக அது வெளிவந்தது. பட்டினியைப் பற்றி அதற்கு நிகரான நூல் இன்றும் அரிது.

அதே கீஸ்தான் 1972இல் கெட்லேயின் பழைய வாய்பாட்டைத் தூசி தட்டி எடுத்து, 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். அக்காலத்தில் அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் அச்சிட்ட எடை அட்டவணைகள்தாம் வழக்கிலிருந்தன. மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தின் அட்டவணை உடற்கட்டைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'விரும்பத்தக்க எடை'யைச் சொன்னது. அந்தப் பிரிவுகளுக்குச் சரியான ஆதாரமில்லை என்பது கீஸின் குறை. ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு பல வாய்பாடுகளை ஒப்பிட்டு, இருப்பவற்றுள் இது பரவாயில்லை என்ற அளவில் கெட்லேயின் வாய்பாட்டைத் தேர்ந்தார். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்ற அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பெண்கள் அறவே இல்லை. தோலின் மடிப்பைக் கிள்ளி அளந்த கொழுப்போடு ஒப்பிட்டாலும் இந்த எண் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதையும் அந்தக் கட்டுரையே சொல்கிறது. சுருக்கமாக, ஆய்வாளர்களுக்குத் திரளை ஒப்பிட எளிய கருவி ஒன்று வேண்டியிருந்தது, கிடைத்தது. மலிவானது, எங்கும் எடுத்துச் செல்லக்கூடியது, ஒரு தராசும் ஒரு அளவுகோலும் போதும். அந்த மலிவுதான் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

*

இன்று பி.எம்.ஐ. என்றதும் நமக்குப் பருமன் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் அது முதலில் பெரிய அளவில் பயன்பட்டது பசியை அளக்க. 1988இல் ஜேம்ஸ், ஃபெரோ-லுட்சி, வாட்டர்லோ ஆகிய மூவர், வளர்ந்தவர்களின் நாட்பட்ட பட்டினிக்கு இந்த எண்ணையே அளவுகோலாக்கினார்கள்: 18.5க்குக் கீழே முதல் நிலை, 17க்குக் கீழே இரண்டாம் நிலை, 16க்குக் கீழே மூன்றாம் நிலை. 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, தமிழ்நாடு உட்படப் பல மாநிலக் கிராமங்களில் ஏற்கெனவே மக்களை நிறுத்து, உயரம் எடுத்து வைத்திருந்தது. அந்தக் கணக்குகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, 1970களின் பிற்பகுதியில் வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 18.5க்குக் கீழே இருந்தது தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவர். ஒரு நாட்டின் பசியை இப்படி ஒற்றை வரியில் சொல்ல வேறெந்தக் கருவியாலும் அன்று முடிந்திராது. இந்த எண்ணின் பெருமை என்று நாம் எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வோம்.

அதே காலத்தில் நம் பகுதியில் இன்னொரு நிறுவை நடந்துகொண்டிருந்தது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் கால்வைத்தது மதுரை மாவட்டத்தில். தேனி அப்போது தனி மாவட்டமன்று, 1996இல்தான் பிரிந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தார்கள். இத்திட்டத்தின் தனித்தன்மை அந்தக் கோட்டில் இருக்கிறது. குழந்தை எத்தனை கிலோ என்பதைவிட, கடந்த மாதத்திலிருந்து ஏறியிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதையே பார்த்தார்கள். ஏற்றம் தடைப்பட்ட குழந்தைக்குக் குறைந்தது 90 நாள் கூடுதல் உணவு; கோடு மீண்டும் ஏறத் தொடங்கினால் உணவை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நிறுவையை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடாமல், அதே குழந்தையின் முந்திய நிறுவையோடு ஒப்பிடும் இந்த முறையின் அருமை நமக்கு அன்று தெரியவில்லை. 1982இல் வந்த எம்.ஜி.ஆரின் சத்துணவைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. இந்த அட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இனி மதராசி எலியிடம் வருவோம். 145 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நம் கிராமங்களில் இந்த அளவு அரிதன்று. 1.45இன் வர்க்கம் 2.1025. வகுத்தால் 21.4 வருகிறது. அட்டவணையைப் பார்த்தால் இயல்பான எடை, குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெண் தன் குழந்தைப் பருவத்தில் போதிய உணவும், நோயற்ற வீடும், நல்ல தண்ணீரும் பெற்றிருந்தால் 145இல் நின்றிருக்க மாட்டார். இரண்டு வயதுக்குள் நேர்ந்த குறை அவர் எலும்பில் நிலைத்துவிட்டது. பி.எம்.ஐ. அதைக் காணாது; ஏனெனில் அந்த உயரத்தைத்தான் அது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு, வர்க்கமாக்கி, வகுக்கும் எண்ணாக வைத்துக்கொள்கிறது. பசியால் குறைந்த உயரமே பசியை மறைத்துவிடுகிறது. தமிழில் 'வர்க்கம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எவ்வளவு பொருத்தம்! வாய்பாட்டின் அடியில் கிடப்பது உயரத்தின் வர்க்கம் மட்டுமன்று, பிறந்த வர்க்கமும்தான்.

இந்தக் குள்ளத்தின் விலை அதோடு முடியவில்லை. மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் எழுதிவந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்களிடம் நடுவயதில் இதயநோய் கூடுதலாக இருப்பதை 1996இல் வெளியிட்டார்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் 1990களிலிருந்து கிராமத் தாய்மாரையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்து, இந்தியக் குழந்தை எடையில் சிறியதாக இருந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு அதற்குக் குறைவதில்லை என்று காட்டினார். தசை இருக்க வேண்டிய இடத்தில் தசை இல்லை. கொழுப்பு மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஒரு படம் புகழ்பெற்றது. அவரும் லண்டன் நண்பர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர். மற்றவர் பேருந்துக்குக்கூட ஓடாதவரோ என்னவோ. இருவரையும் கண்ணால் பார்த்த நம்மூர்ப் பாட்டி வேறுபாட்டை நொடியில் சொல்லியிருப்பார். ஏனெனில் தமிழ் இவற்றை ஒருபோதும் ஒன்றாகக் கட்டவில்லை. கட்டுமஸ்தான ஆள் வேறு, ஊளைச் சதை போட்டவர் வேறு. பூசினாற்போல இருப்பது வேறு, தொந்தி விழுந்திருப்பது வேறு. ஒல்லி வேறு, நோஞ்சான் வேறு. ஒல்லியாக இருந்தும் தொப்பை உள்ளவருக்கென்று நம் பேச்சில் தனிக் கேலிகளே உண்டு. சதை எங்கே இருக்கிறது, அது உழைத்த சதையா என்ற இரண்டு கேள்விகளையும் நம் சொற்கள் கேட்கின்றன. வாய்பாடு கேட்பதில்லை.

*

கோடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் மிகை எடைக்கான கோட்டை 27க்கு மேலிருந்து 25க்கு இறக்கியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் படுக்கும்போது இயல்பாகப் படுத்து எழும்போது பருமனாக எழுந்தார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23லும் 27.5லும் எச்சரிக்கைப் புள்ளிகள் வேண்டும் என்றது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி, 23 தொட்டால் மிகை எடை, 25 தொட்டால் பருமன் என்று வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற கோடும் அப்போதே சொல்லப்பட்டது. ஆனால் 23 மட்டும் நம் நினைவில் நின்றது. 90உம் 80உம் நிற்கவில்லை. தராசில் ஏறி நிற்க யாரும் கூசுவதில்லை. இடுப்பில் நாடாவைச் சுற்ற வேட்டியையும் சேலையையும் தளர்த்த வேண்டியிருக்கிறதே!

இதற்கிடையே ஊரும் மாறிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005–06இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 28 பேர் 18.5க்குக் கீழே இருந்தார்கள். 25க்கு மேல் 21 பேர். 2019–21இல் கீழே இருந்தவர்கள் 13 ஆகக் குறைய, மேலே இருந்தவர்கள் 40 ஆனார்கள். பதினைந்தே ஆண்டுகள். திரளைப் பற்றிப் பேசும்போது இந்த எண் இன்றும் எவ்வளவு உண்மையான சாட்சி என்பதற்கு இது போதும். எடைக்குறைவு என்ற ஒரு தீமை நீங்கும் முன்பே மறு தீமை வந்து ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் குடியேறிவிட்டது.

தனியாளிடம் வரும்போதுதான் சாட்சி தடுமாறுகிறது. பள்ளத்தாக்கில் கபடி ஆடும் இளைஞர்கள் ஏராளம். தேசிய அளவில் ஆண்கள் கபடிக்கு எடை வரம்பு 85 கிலோ. 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆட்டக்காரர் அந்த வரம்பைத் தொட்டு நின்றால் அவருடைய பி.எம்.ஐ. 27.8, இந்தியக் கோட்டின்படி அவர் பருமன் நோயாளி. அவரே வந்து, 'சார், இருபத்துமூன்றுக்கு இறங்கணுமாமே' என்று கேட்டால், பதினான்கு கிலோவுக்கு மேல் எதை இழக்கச் சொல்வது, தொடையையா தோளையா? மறுபுறம், 165 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையுமாக, நாளெல்லாம் நாற்காலியில் இருந்து பாடம் நடத்தும் நம் போன்ற ஒருவருக்கு 22.8 வரும். இடுப்பு 94 இருந்தாலும் அட்டவணை அவரை வாழ்த்தி அனுப்பிவிடும். இருவரில் மருத்துவர் அதிகம் கவலைப்பட வேண்டியது இரண்டாமவரைப் பற்றி. பட்டினி கிடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஒல்லியாக இருக்கிறோம் என்ற நிம்மதியிலேயே சர்க்கரையை வளர்த்துக்கொள்பவர்களும் நம்மிடையே குறைவில்லை.

காவல் பணிக்கு ஆள் எடுக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் பி.எம்.ஐ.யைக் கேட்பதில்லை என்பது நம் மாணவர்கள் பலருக்கு வியப்பளிக்கிறது. பொதுப் பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். மார்பு 81, மூச்சிழுத்தால் 86. 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். மார்பளவு கெட்லேயின் சிப்பாய்கள் விட்டுச்சென்ற எச்சம்போல இருக்கிறது. மற்றவை உடல் என்ன செய்யும் என்று கேட்பவை. தென்மாவட்டக் கிராமங்களில் கோயிலை ஒட்டிக் கிடக்கும் இளவட்டக்கல்லும் இதைத்தான் கேட்டது. வழுவழுப்பான அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போடுபவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்ற ஆராய்ச்சியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம். பெருமைக்குக் கல் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஆகவே அதையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை.

அப்படியானால் தன் உடலைச் சீராக்க விரும்புகிறவருக்கு இந்த எண் எதற்குப் பயன்படும்? நாம் அறிந்தவரை, அந்தக் குழந்தைகளின் அட்டை எதற்குப் பயன்பட்டதோ அதற்கு. வளர்ந்த ஒருவரின் உயரம் மாறுவதில்லை. ஆகவே அவருடைய பி.எம்.ஐ. இரண்டு ஆண்டில் 22லிருந்து 25 ஆனால், அது எடை கூடிய செய்தியன்றி வேறில்லை. உழைப்பும் பயிற்சியும் கூடாமல் அது கூடியிருந்தால், கூடியது தசையாக இருக்க வழியில்லை. தன்னுடைய பழைய எண்ணோடு தன் புதிய எண்ணை ஒப்பிடுவோரை அது பெரும்பாலும் ஏமாற்றாது. அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவோரை ஏமாற்றும். 18.5க்கு வெகு கீழேயும் 30க்கு வெகு மேலேயும் உள்ளவர்களிடம் அது சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலும் சரியானதே. நடுவில் உள்ளவர்களிடம்தான் அதற்குத் துணைச் சாட்சி தேவைப்படுகிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முன்பு உண்டது செரித்ததா, பசி எடுத்ததா, அளவோடு உண்டாயா என்று வயிற்றைத்தான் விசாரிக்கிறது. உடம்பின் கனத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. நம் மருத்துவ மரபு உடலை அவரவர் இயல்போடு வைத்துப் பார்த்தது என்று பெருமையடித்துக்கொள்ள இது போதுமான சான்றாகாது. தாது வருடத்தில் அந்த மரபு யாருக்கும் சோறு போடவில்லை. இன்றைய மருத்துவம் தன் எண்ணைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், பி.எம்.ஐ.யைத் தனித்து நம்ப வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்குச் சொன்னது. 2025 சனவரியில் லான்செட் குழுமத்தின் ஆணையம் ஒன்று, பருமனை நோயென்று தீர்மானிக்க இடுப்பளவோ நேரடியான கொழுப்பளவோ உடன் வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும் என்றது. அதே மாதம் இந்திய மருத்துவர்களும் தங்கள் 2009 வரையறையைத் திருத்தினார்கள். 23 என்பது இப்போது வாசல் மட்டுமே. உள்ளே போனபின் இடுப்பையும், இடுப்புக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தையும், மூட்டுவலி, மூச்சிரைப்பு, சர்க்கரை போன்ற உபாதைகளையும் பார்த்துத்தான் நிலை சொல்ல வேண்டும்.

இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விகிதத்தின் எளிய வடிவம். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காய் எடுக்கவும் போய்வரும் பெண்களில், நாம் மேலே கண்ட 145 சென்டிமீட்டர் உயரமுள்ளவரும் இருக்கக்கூடும். சரிவில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் வரை அவருடைய 21.4க்கு ஒரு பொருள். முழங்கால் தேய்ந்து, தோட்டத்துக்குப் போவது நின்று, ரேஷன் அரிசியோடு வீட்டில் இருக்கத் தொடங்கியபின் அதே 21.4க்கு வேறு பொருள். பொதுக் கோட்டின்படி அவருடைய இடுப்பு 80 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். உயரத்தில் பாதி என்று கணக்கிட்டால் 72.5இலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.